வாசலோடு திரும்பிப் போன இரும்பு

காலையில் நான் கொல்லைப் பக்கமிருந்து கை கால் கழுவிக்கொண்டு வருவேன். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும். எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டில் விடிந்ததற்கு அடையாளம் அந்தக் குரல்தான்.

"ஏங்க, இன்னைக்கும் கருப்பாத்தானே?"

"கருப்புத்தான், கருப்புத்தான். ஊருக்கே கேக்குற மாதிரி கேளு."

"கேட்டா என்ன? மருந்து புடிக்குதான்னு தெரிய வேணாமா?"

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மறுநாள் காலையில் மலம் தார் போலக் கருத்துப் போகும். அப்படிப் போனால் மருந்து உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம், இது எங்கள் இருவரின் தீர்மானம். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ரத்தத்தில் இருக்கிற கெட்டதெல்லாம் கழிந்து போகிறது, காலியான இடத்தில் இரும்பு போய் உட்காருகிறது என்று அவளாகவே ஒரு விளக்கம் வைத்திருந்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள் கொஞ்சம் நிறம் குறைந்து போய்விட்டால், "நேத்து மாத்திர போட்டீங்களா, இல்ல கடையில போய் துப்பிட்டீங்களா?" என்று பிடித்துக்கொள்வாள். கருப்பாகப் போன நாளில் எனக்கே ஒரு பெருமை இருக்கும். அதை வெளியே சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நான் பூதலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். உள்ளே கருகிக் கிடக்கிற செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். குறுவைக்குத் தண்ணீர் தாமதமானால் எல்லோரும் போர்வெல் மோட்டாரை ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுவார்கள், அப்போது எனக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. என் அப்பா இதே ஊரில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். நான் கடை வைத்தேன். என் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அப்பா வெளுத்துப் போயிருந்தார், நானும் வெளுத்துப் போயிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து "ரத்தம் இல்ல" என்றார்கள். அன்றைக்குத் தொடங்கியது. அம்மா இருந்தவரை டானிக். துரு வாடை அடிக்கும், பல்லெல்லாம் கறை பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பொறுப்பு கை மாறியது. என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். வந்த புதிதிலேயே அலுமினியச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு இரும்பு வாணலி வாங்கினாள். வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், மிளகு தூக்கலாக. பேரீச்சம்பழம், வெல்லம், எள்ளுருண்டை. இதெல்லாம் போதாதென்று தினம் ஒரு மாத்திரை. அது தீர்ந்தால் நானே மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கி வந்துவிடுவேன். அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். நான் எடுத்து வாயில் போட்டு விழுங்கி, வாயைத் திறந்து காட்டும் வரை நிற்பாள். அடுத்த கையில் எலுமிச்சைச் சாறு. சாறு குடித்தால்தான் இரும்பு ஒட்டும் என்று எங்கோ கேட்டிருந்தாள். நான் சாற்றை மடக்கென்று குடித்துவிட்டு உதட்டு ஈரம் காய்வதற்குள் காப்பி கேட்பேன். அங்கேதான் சண்டை.

"அத போட்ட வாயோட இத குடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல?"

"காப்பி குடிக்காம நான் எப்படிக் கம்பி சுத்துறது? கை நடுங்கும்."

"நான் சொல்லி இந்த வீட்டுல யாரு கேக்குறா!"

இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் அவள் சொன்னதைத்தான் கேட்டேன். ஆனாலும் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டாது. பத்தே முக்கால் இருக்கும், பதினொன்று இருக்கும், மறுபடி பத்தே முக்காலுக்கு வரும். "நாள் பூரா இரும்புக்குள்ளயே கெடக்குறீங்க, உங்க ஒடம்புல மட்டும் ஒரு துளி ஒட்ட மாட்டேங்குதே" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மாதாமாதம் உதிரப் போக்கு அதிகமாகி, கடைசியில் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆயிற்று. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆள் சுண்ணாம்பு போல இருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவளுக்கும் அதே இரும்பு மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதே நிறம், அதே அட்டை. இருவரும் ஒரே அட்டையிலிருந்து பிய்த்துப் போட்டுக்கொண்டோம்.

சில மாதங்களில் அவள் தேறிவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, பொங்கலுக்குள் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. நகம் சிவந்தது, உதடு சிவந்தது, என்னை அதட்டுகிற குரலும் பழையபடி ஏறியது. பரிசோதித்தால் பன்னிரண்டரை. எனக்கு அதே பத்தே முக்கால்.

ஒரே மாத்திரை, ஒரே கை, ஒரே வீட்டுச் சோறு. ஒருவருக்கு ஏறுகிறது, ஒருவருக்கு ஏறவில்லை. அவளுக்கு இதில் ஒரே ஒரு முடிவுதான் தோன்றியது.

"நீங்க விழுங்கறதில்ல. என்னை ஏமாத்துறீங்க."

"வாயத் தொறந்து காட்டுறேனே, இதுக்கு மேல வயித்தக் கிழிச்சா காட்டணும்?"

அவள் நம்பவில்லை. என் சட்டைப் பையைத் துழாவினாள். கடைக்கே வந்து வேலை மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வாடிக்கையாளர் ஒருவர் "என்னக்கா தொலைச்சிட்டீங்க?" என்று கேட்க, "ஒண்ணுமில்லீங்க, இவரு புத்தியத்தான் தேடுறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு சுற்று தப்பாகச் சுற்றி, பிரித்து மறுபடி சுற்றினேன்.

அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். மாத்திரை ஒட்டாதவர்களுக்கு இரும்பை நேராக ரத்தக் குழாயிலேயே ட்ரிப்பாக ஏற்றுவார்களாம். அவளுடன் ஆபரேஷன் வார்டில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஏற்றினார்களாம், மறு வாரமே எழுந்து நடந்தாளாம். "தஞ்சாவூர் போயி அந்த ட்ரிப்ப ஏத்திக்கிட்டு வந்துடலாம். உங்க அறுபதாம் கல்யாணத்துல இப்படி வெளுத்துப்போயா உக்காரப் போறீங்க?" என்றாள்.

அறுபதுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது. ஆனால் அவள் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் மனசு அங்கேயே இருந்தது. எங்களுக்கு எந்த மண்டபம், அவளுக்கு எந்த நிறத்தில் கூறைப் புடவை, மகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது வரை பேசியாகிவிட்டது. எனக்கு ஊசி என்றால் ஆகாது. குறுவை வேலை இருக்கிறது, மழை வருகிறது, ரயில் நேரம் சரியில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு நாள் அவள் பையோடு கடை வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஷட்டரை இறக்கிவிட்டு ரயிலேறினேன்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த டாக்டர் ஒரு பெண். எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். என் மனைவி உட்காருவதற்கு முன்பே, "டாக்டரம்மா, இவருக்கு இரும்பு ட்ரிப் ஒண்ணு போட்டு விட்டுருங்க" என்றாள், ஹோட்டலில் தோசை சொல்வது போல.

அவர் சிரித்தார். பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்தது.

"சிவப்பணு எண்ணிக்கை நிறைய இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதா இருக்கு. இரும்புச் சத்துக் குறைவுன்னா பொதுவா எண்ணிக்கையும் குறையும். உங்க அப்பா, அம்மா யாராவது இப்படி வெளுப்பா இருந்தாங்களா?"

"அப்பா இருந்தாருங்க."

"இரும்பு மாத்திரை சாப்பிடறீங்களா? யார் எழுதிக் குடுத்தது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் எழுதிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம்.

"எவ்வளவு நாளா?"

இதற்கு என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் விடலைங்க. நானே என் கையால குடுப்பேன். இவர நம்ப முடியாதுல்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாக, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். எனக்கு இருப்பது பெரும்பாலும் தலசீமியா என்கிற பரம்பரைக் கூறு. அப்பாவிடமிருந்து வந்திருக்கும். பாதிதான் வந்திருப்பதால் நோய் இல்லை, ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. ரத்த அணுக்கள் சின்னதாகப் பிறக்கும், ஹீமோகுளோபின் இவ்வளவுதான் இருக்கும், அவ்வளவுதான். இரும்பு போதாமல் வந்தது அல்ல. ஆகவே இரும்பு கொடுத்து ஏறாது.

"ஏறலன்னா பரவாயில்லைங்க. குடுத்ததால கெடுதி ஒண்ணும் இல்லையே?" என்றாள் என் மனைவி.

"அதைத்தான் பார்க்கணும்மா. உள்ள போன இரும்பை வெளிய தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ரத்தம் சிந்தினாத்தான் குறையும். பெண்களுக்கு மாசாமாசம் கொஞ்சம் போயிடும், ஆம்பளைங்களுக்கு அதுவும் இல்ல. தேவைக்கு மேல சேர்ந்துட்டா கல்லீரல்ல படியும், இதயத்துல படியும், கணையத்துல படியும். ட்ரிப் இப்ப நிச்சயமா வேண்டாம். மாத்திரையையும் இன்னையோட நிறுத்திடுங்க. இருப்பு எவ்வளவுன்னு ரத்தத்துல பார்த்துடலாம். வெள்ளிக்கிழமை வாங்க."

ஊசிக்குப் பயந்தவன் அன்றைக்கு ஊசி குத்தியதை உணரவே இல்லை. ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆலக்குடி ஸ்டேஷன் தாண்டியது. வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"என் கையாலயே குடுத்துருக்கேனே. தெனம் நின்னு பாத்து விழுங்க வெச்சேனே."

"இன்னும் ஒண்ணும் ஆகலயே புள்ள. டெஸ்ட்டு வரட்டும்."

பூதலூர் வந்ததும் எனக்குப் பின்னால் மெதுவாக இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக் கட்டினாள். இரும்பு வாணலியைக்கூடப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் பழைய அலுமினியச் சட்டியை இறக்கினாள். வாணலி என்ன பாவம் செய்தது என்று கேட்கலாமென்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் கொல்லையிலிருந்து வந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வரவில்லை. காப்பி மேசைமேல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானமும் அப்படித்தான். தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டேன், சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்தது. அவளுக்கு அவள் கைமேலேயே பயம் வந்துவிட்டது.

என் லட்சணம் இன்னும் மோசம். கடையில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். கல்லீரல் கல்லாகிவிடும், சர்க்கரை நோய் வரும், இதயம் நின்றுவிடும், தோல் கருத்துவிடும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் பிறந்ததே கருப்பு. வெயிலில் நின்று இன்னும் கருத்தவன். இதில் எது அப்பன் கொடுத்த கருப்பு, எது இரும்புக் கருப்பு என்று எந்தக் கடவுளைக் கேட்பது? மோட்டார் எப்போது தயாராகும் என்று கேட்க வந்த ஒரு மனிதர்மேல் எரிந்து விழுந்தேன். "உங்க மோட்டார் எரிஞ்சா நான் கட்டித் தருவேன், என் ஈரல் எரிஞ்சா யாருங்க கட்டித் தருவா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அவர் மோட்டாரைத்தான் முதலில் முடித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், அவள் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அரக்கு நிறப் புடவை. திருக்கடையூருக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்தது அது. அவ்வளவு வருஷம் முன்னால் யார் புடவை வாங்குவார்கள் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"எதுக்கு இத எடுத்த?"

"அங்க ஒத்தையா உக்கார முடியாதுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தோம். அவர் தாளைப் புரட்டினார்.

"நான் சொன்னது சரிதான். தலசீமியா கூறு இருக்கு. அதனால ஒண்ணும் இல்ல. இரும்பு இருப்பு..." என்று விரலை வைத்துப் பார்த்தார். "நார்மல். கொஞ்சம் மேல் பக்கமா இருக்கு, ஆனா எல்லைக்குள்ளதான். கல்லீரலும் நல்லா இருக்கு. தைரியமா இருங்க."

என் மனைவி கைகளைக் கூப்பிவிட்டாள். "வயித்துல பால வாத்தீங்க டாக்டரம்மா" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததும் முதலில் வந்தது சந்தேகம். நான் தொழில்காரன். உள்ளே இவ்வளவு போயிருந்தால் எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

"அப்ப இத்தனை வருஷம் போட்ட மாத்திரையெல்லாம் எங்க மேடம் போச்சு?"

"உங்க குடல் விடல" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். இரைப்பையைத் தாண்டியதும் வருகிற சிறுகுடலின் முதல் பகுதியில்தான் இரும்பு பெரும்பாலும் ஏறுகிறதாம். அங்கே குடல் சுவரில் இருக்கிற அணுக்கள் இரும்பை முதலில் தங்களுக்குள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். குடல் பக்கம் ஒன்று, ரத்தத்தின் பக்கம் ஒன்று. ரத்தத்தின் பக்கத்து வாசலைத் திறப்பதா மூடுவதா என்பது கல்லீரலின் கையில் இருக்கிறது. உடம்பில் இருப்பு போதுமானதாக இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும். அது வந்தால் வாசல் மூடிவிடும். வாங்கிய இரும்பு அந்த அணுவுக்குள்ளேயே கிடக்கும். அந்த அணுக்களுக்கு ஆயுசு சில நாட்கள்தான். அது முடிந்ததும் உதிர்ந்துவிடும், உள்ளே இருக்கிற இரும்பையும் சுமந்துகொண்டு மலத்தோடு போய்விடும். உள்ளே சேர்ந்ததை வெளியேற்ற வழி இல்லாத உடம்பு, சேராமல் பார்த்துக்கொள்வதற்கு வாசலில் இப்படி ஒரு காவல் போட்டிருக்கிறது.

"மோட்டாருக்கு ரிலே மாதிரிங்களா? கரண்டு மீறுனா தானா கட் ஆயிடும், காயில் எரியாது" என்றேன்.

"எனக்கு ரிலே தெரியாது. ஆனா நீங்க சொல்றத பார்த்தா அப்படித்தான் தோணுது."

"அப்ப எனக்கு மட்டும் எப்படிங்க ஏறுச்சு?" என் மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு ரத்தம் நிறைய போயிருந்தது இல்லையா? இருப்பு காலி. அப்ப கல்லீரல் அந்த ஹார்மோனைக் குறைச்சிடும். வாசல் நல்லாத் திறந்திருக்கும். அதே மாத்திரைதான். உங்க குடலுக்குத் தேவைன்னு தெரிஞ்சுது, எடுத்துக்கிச்சு. அவர் குடலுக்குத் தேவையில்லன்னு தெரிஞ்சுது, திருப்பி அனுப்பிடுச்சு."

காப்பியைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. கேட்டேன். மாத்திரையோடு காப்பி, டீ குடித்தால் இரும்பு இன்னும் குறைவாகத்தான் ஏறும் என்றார். நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எத்தனை வருஷத்து வழக்கு தீர்ந்தது என்பது எனக்குத்தான் தெரியும். "ரொம்ப குதிக்காதீங்க" என்று அவள் முணுமுணுத்தாள்.

"காப்பி ஏதோ கொஞ்சம் தடுத்திருக்கும். பெரிய வேலை குடலோடதுதான்" என்றார் டாக்டர். "திருப்பி அனுப்பினதுக்கு அடையாளம் உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. மலம் கருப்பாப் போயிருக்குமே?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

"தெனம் கேப்பேங்க டாக்டரம்மா" என்றாள் அவள், சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில். "கருப்பாப் போனா உள்ள புடிக்குதுன்னு நெனச்சேன். அது வேணாம் வேணாம்னு வெளிய தள்ளியிருக்கு. தெனம் காலையில சொல்லியிருக்கு. நாங்கதான் தலகீழா எடுத்துக்கிட்டோம்."

டாக்டரும் சிரித்துவிட்டார். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு கண்டிப்பாகச் சொன்னார். எல்லோருக்கும் இப்படி அமையாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாசல் சரியாக மூடாது. தலசீமியா கூறு இருப்பவர்களிலும் சிலருக்கு வேண்டாத இரும்பு சேர்ந்துவிடும். எனக்கே இன்னும் சில வருஷம் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மலம் கருப்பாகப் போவதால் எல்லாமே வெளியே போகிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இருப்பைப் பார்க்காமல் இரும்பைத் தொடக் கூடாது.

"அன்னைக்கு நீங்க கேட்ட ட்ரிப் போட்டிருந்தா, குடல் அங்க ஒண்ணும் செய்ய முடியாது. அது நேரா ரத்தத்துல போறது. வாசலும் இல்ல, காவலும் இல்ல. போனது போனதுதான்."

என் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. மேசைக்குக் கீழே அவள் கை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் ஊசிக்குப் பயந்து மழையையும் ரயிலையும் குறை சொன்ன நாட்களை நினைத்துப் பார்த்தேன். இந்தக் கோழைத்தனத்துக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மகளுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கூறு இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொன்னார். அவளுக்கு இருந்து, வருகிற மாப்பிள்ளைக்கும் இருந்தால் பிள்ளைக்கு முழு நோயாக வரலாம் என்பதற்காக. பிற்பாடு பார்த்துவிட்டோம். அவளுக்கு இல்லை. அதைப் போனில் சொல்லிவிட்டு, "அப்பா, அப்ப எனக்கு முருங்கைக்கீரை தேவையில்லைல்ல?" என்று கேட்டாள். அவள் அம்மா போனைப் பிடுங்கி நன்றாகக் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வருகிற ரயிலில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். வழி நெடுக நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, யாருக்கும் மோட்டார் ஓட்ட வேண்டியிராது, எனக்கு வேலை குறையும். ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பூதலூர் வந்ததும் அவள் எனக்கு முன்னால் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். நான்கு நாளாக அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து இரும்பு வாணலியை இறக்கினாள். கேட்கவேண்டும் போலிருந்தது.

"அது என்னத்துக்கு இப்ப?"

"இதுல வெச்சாத்தான் வத்தக்கொழம்பு நல்லாயிருக்கு. டாக்டரம்மா மாத்திரையத்தான் நிறுத்தச் சொன்னாங்க."

பீரோவுக்குள் அரக்குப் புடவை மறுபடி போயிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொல்லையிலிருந்து கை கால் கழுவிக்கொண்டு வந்தேன். நிலைப்படியில் கொஞ்சம் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

"ஏங்க, இன்னைக்கு எப்படி?"

"மஞ்சள்" என்றேன். "நல்ல பசு மஞ்சள்."

அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தாள். ஒரு கையில் டபராவோடு காப்பி, நுரை தளும்பத் தளும்ப. இன்னொரு கை வெறுமனே நீண்டிருந்தது, பழக்க தோஷம். மாத்திரை இல்லாத அந்த உள்ளங்கையை அவளே ஒரு கணம் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல நான் சொன்னத நெசமாவே கேக்காத ஒரே ஆளு உங்க கொடலுதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "மகராசன், நல்லா இருக்கட்டும்."

காப்பியை நீட்டினாள். மேசைமேல் வைக்கவில்லை. என் கையில்தான் கொடுத்தாள்.